பிளம் மரத்துப் பட்டை

உயிரினங்களின் படங்களை ஏற்றினால் பலர் சேர்ந்து பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், என் கணக்கில் ஆறு வருடமாக ஒரு படம் பாதிப் பெயரோடு கிடக்கிறது. பிரேசிலின் குரிச்சிபாவில் வேலை பார்த்த காலத்தில் எடுத்தது. ஒரு நவம்பர் இரவு, கடற்கரைக்குப் போகும் பி.ஆர். 277 நெடுஞ்சாலையில், மலை இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் காப்பி குடிக்க நிறுத்தினோம். கழிப்பறைச் சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருந்தது. நரம்பு ஓடிய இலை, ஓரம் லேசாகச் சுருண்ட இலை. சுவரில் இலை எப்படி ஒட்டும் என்று யோசிக்காமலே விரலால் தட்டிவிட்டேன். இலை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. பின்னிறக்கைகளில் இருக்கும் கண்கள்தான். ஆனால் கறுப்பு விழியும், நடுவில் வெளிச்சம் பட்டது போல வெள்ளைப் பொடியும், சுற்றிலும் வளையமுமாக அச்சு அசல் கண். பூச்சி பறந்துகூடப் போகவில்லை. உடம்பை வளைத்துக்கொண்டு, இறக்கையை விரித்தபடி மெதுவாக ஆடியது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்கு அப்போது அவ்வளவு போர்த்துகீசியம் புரியாது.

வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றினேன். கூகுளில் ஒரு மணி நேரம் தேடி, அச்சாக அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்து, பேரினம், இனம் இரண்டையும் போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரத்தில் முகம் தெரியாத ஒருவர் வந்து என் பெயரை அடித்துவிட்டு 'ஆட்டோமெரிஸ்' என்று பேரினத்தோடு நிறுத்திவிட்டார். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்ல முடியாது, அறுத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டிஎன்ஏ வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணுக்கு முன்னால் இவ்வளவு தெளிவாக உட்கார்ந்திருக்கும் பூச்சிக்குப் பெயர் சொல்ல வயிற்றை அறுக்க வேண்டுமா? இரண்டு பதில் போட்டேன், கொஞ்சம் சூடாகவே. அவர் சூடாகவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அந்த எரிச்சலில்தான் தென் அமெரிக்கப் பட்டுப்பூச்சிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அறிவு வேட்கை என்று சொன்னால் பொய்.

நூல் இல்லாத பட்டு

படித்தவுடன் முதலில் உடைந்தது பட்டுப்பூச்சி என்ற சொல்தான். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மல்பெரி இலையும் மூங்கில் தட்டும் நினைவுக்கு வரும். அந்தப் பூச்சி வேறு குடும்பம். தென் அமெரிக்காவில் பட்டுப்பூச்சி என்றால் சாட்டர்னிடே, அதாவது நம் டசார், மூகா, எரி பட்டுகளைத் தரும் பூச்சிகளின் குடும்பம். உலகத்திலேயே அந்தக் குடும்பம் அதிகமாகச் செழித்திருப்பது அங்கேதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்கான பட்டுக்கூடு நூற்பதில்லை. செரடோகாம்பினே, ஆர்செனூரினே என்ற இரண்டு துணைக்குடும்பங்களின் புழுக்கள் நன்றாகத் தின்று கொழுத்து, மரத்தை விட்டு இறங்கி, மண்ணுக்குள் போய் அம்மணமாகக் கூட்டுப்புழு ஆகிவிடும். கூடு கிடையாது, நூல் கிடையாது. அங்கே உள்ள பூச்சிகளில் பாதிக்கும் மேல் சேர்ந்திருப்பது ஹெமிலூசினே என்ற துணைக்குடும்பத்தில். என் ஆட்டோமெரிஸ் அதில்தான் வருகிறது. அவற்றில் பல, சருகு இரண்டை இழுத்து ஒட்டி ஒப்புக்கு ஒரு வலை பின்னும், அவ்வளவுதான். ஆக்சிடெனினே, செர்கோஃபானினே என்று இன்னும் இரண்டு சிறிய கிளைகள் உண்டு. முதலாவதில் பூச்சி காய்ந்த இலை மாதிரி, புழு பாம்பு மாதிரி. இரண்டாவது ஆண்டிஸ் மலையிலும் சிலியிலும் அடங்கிவிடுகிறது. இவை இரண்டும் தனிக் குடும்பங்களா, இதற்குள் அடங்குபவையா என்பதே வெகுகாலம் தீராத வழக்காக இருந்தது. இந்த ஐந்து கிளைகளும் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே ஓர் இடத்திலும் இல்லை.

ஆறாவது கிளையான சாட்டர்னினேதான் உலகம் முழுக்க இருப்பது. ஒழுங்காகப் பட்டு நூற்பதும் அதுதான். தென் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த பங்கு கொஞ்சம்: கோபாக்சா, ரோத்சைல்டியா என்று சில பேரினங்கள். ரோத்சைல்டியாவை முதலில் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. செங்காவி இறக்கை, ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் தாள் ஒட்டியது போல ஒரு ஜன்னல். நம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மழைக்காலத்தில் விளக்குக்கு வந்து உட்காரும் அட்லஸ் பூச்சிக்கும் அதே ஜன்னல் உண்டு. இரண்டும் ஒரே வம்சம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நம் ஊர்ப் பூச்சிக்கும் ஒரு பெயர்த் தகராறு இருக்கிறது. பலரும் அதை இன்னும் அட்லஸ் என்றே எழுதுகிறார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது தப்ரோபானிஸ் என்ற தனி இனம் என்று 1882லேயே பெயர் வைத்தாகிவிட்டது.

ரோத்சைல்டியாவின் கூட்டைப் பார்த்து வியாபாரக் கணக்குப் போட்ட முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் மரியா சிபில்லா மேரியன். 1699இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இளைய மகளைக் கூட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுரினாம் போனவர். காட்டுக்குள் புழுவைப் பிடித்து வந்து, அது தின்னும் செடியோடு சேர்த்து வளர்த்து, பூச்சியாக வரும்வரை காத்திருந்து வரைந்தார். ஆரஞ்சு மரத்துப் புழு ஒன்று நல்ல கெட்டி நூல் நூற்பதைப் பார்த்து, கூடுகளைச் சேர்த்து ஹாலந்துக்கு அனுப்பியதாகவும், அங்கே நல்ல பட்டு என்று சொன்னதாகவும், யாராவது மெனக்கெட்டு வளர்த்தால் லாபம் வரும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது வேறு ஒன்று. அவர் வரைந்த பூச்சிகளுக்கு அவர் அறிவியல் பெயர் எதுவும் வைக்கவில்லை, அந்தப் பெயர் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் எந்த மரம், எந்தப் புழு, எந்தப் பூச்சி என்பது அந்தத் தாளில் இருக்கிறது. எழுபது, எண்பது வருடம் கழித்து பீட்டர் கிராமர் போன்றவர்கள் சுரினாமிலிருந்து வந்த காய்ந்த பூச்சிகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்தபடியே பெயர் வைத்தார்கள். பெயர் இருந்தது, மரம் இல்லை.

விளக்கு வைத்த இடத்தில் புள்ளி

அப்புறம் நான் பரவல் வரைபடங்களுக்குள் விழுந்தேன். அதில் ஒரு போதை இருக்கிறது. ஆண்டிஸின் கிழக்குச் சரிவில் ஒரு பூச்சி, மேற்குச் சரிவில் அதன் சகோதரி. அமேசானில் ஒன்று, அட்லாண்டிக் கரைக் காட்டில் அதே மாதிரி இன்னொன்று. நடுவில் வறண்ட செராடோ புல்வெளி வந்து இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தெற்கே படகோனியாவில் ஓர்மிஸ்கோட்ஸ் என்ற பூச்சியின் புழுக்கள் சில வருடங்களில் பெருகி, லெங்கா மரக் காடுகளை மொட்டையடித்துவிடும். வடக்கே பிரெஞ்சு கயானாவில் ஹைலீசியா. இதன் பெண்பூச்சியின் வயிற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத முள்முடிகள் காற்றில் பறந்து மனிதர்களுக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். அந்தப் பருவத்தில் விளக்குக்குப் பூச்சி வராமல் இருக்கத் தெருவிளக்கையே அணைத்து வைப்பார்கள். வெனிசுவேலாவின் காரிபிட்டோ துறைமுகத்துக்கு வந்த எண்ணெய்க் கப்பல் மாலுமிகள் உடம்பு முழுக்கச் சொறிந்துகொண்டு திரும்பியதற்கும் இந்தப் பூச்சிதான் காரணம். கப்பல் விளக்குக்கு வந்த பூச்சிகள்.

விளக்கு என்றதும்தான் எனக்கு அது உறைத்தது. நான் பார்த்துப் பார்த்து ரசித்த வரைபடங்களில் புள்ளிகள் எல்லாம் ஒரு கோட்டில் போயின. அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று சாலை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தேன். நெடுஞ்சாலை. ஆறு. ஆய்வு நிலையம். ஜெனரேட்டரும் வெள்ளைத் துணியும் பாதரச விளக்கும் தூக்கிக்கொண்டு மனிதன் எங்கே போக முடிந்ததோ அங்கே பூச்சி 'இருக்கிறது'. மற்ற இடம் வெள்ளை. பூச்சியின் வரைபடம் என்று நினைத்துக்கொண்டு நான் விளக்கின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் பெட்ரோல் பங்க்கும் அதில் ஒரு புள்ளி.

இந்த அரைகுறைப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒழுங்கு செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952இல் சார்லஸ் மிச்செனர் மேற்கு அரைக்கோளத்தின், அதாவது அமெரிக்கக் கண்டங்களின், சாட்டர்னிடே முழுவதையும் ஒரே மூச்சில் வகைப்படுத்தினார். இது அவருடைய முக்கியத் தொழில்கூட இல்லை, உலகம் அவரைத் தேனீ நிபுணராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பிரிப்பதைவிட, ஒன்றாகச் சேர்க்க முடிந்ததை எல்லாம் சேர்த்தவர். அவருக்குப் பின் பிரான்ஸின் க்ளோத் லெமேர். 1978, 1980, 1988, 2002 என்று இருபத்து நான்கு வருடத்தில் நான்கு பெரிய பகுதிகள். வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருந்த மூல மாதிரிகளை, அதாவது எந்தப் பூச்சியைப் பார்த்து முதலில் பெயர் வைத்தார்களோ அந்தப் பூச்சிகளையே, தேடிப் பார்த்து, வயிற்று நுனியைக் காரப் பொட்டாஷில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது அது இல்லை என்று சொன்னார். கடைசிப் பகுதி வந்த இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

டிஎன்ஏ வந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் 658 எழுத்து நீளத் துண்டை வாசித்து, அதில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு இனத்தைப் பிரிக்கும் முறை. பூச்சியின் ஒரு கால் போதும். 2011இல் வந்த கணக்கில் உலகம் முழுவதும் சாட்டர்னிடே 2,349 இனங்கள். 2018 பட்டியலில் சுமார் 3,400. ஏழே வருடத்தில் ஆயிரம் பூச்சிகள் வானத்திலிருந்தா குதித்தன? இதில் மிகப் பெரும்பங்கு ஒரு சின்னக் குழு தாங்களே நடத்தும் இதழில் வெளியிட்டது. ஒரே பூச்சி மாதிரி தெரிவதை, எழுத்து வித்தியாசத்தையும் பிடித்த ஊரையும் வைத்து நாலாக, ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். மைட்டோகாண்ட்ரியா வருவது தாய்வழியில் மட்டும். அம்மா பக்கத்தை மட்டும் பார்த்துக் குலம் சொல்வது போன்ற வேலை இது என்று எனக்குப் பட்டது. போதாக்குறைக்கு, ஒரு பெயரை அச்சில் போட்டுவிட்டால் அதைச் செல்லாது என்று காட்டும் பாரம் அடுத்தவன் தலையில். என் படத்தில் பெயரை அடித்தவர் இந்தப் பட்டியலை நம்பித்தான் அடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு கொள்கையே கிடைத்துவிட்டது. இதெல்லாம் பெயர் வைக்கும் ஆசை, மயிரைப் பிளக்கிற வேலை என்று இரண்டு வருடம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசித் திரிந்தேன்.

பிளம் மரம்

மூன்றாவது வருடக் கிறிஸ்துமஸுக்கு அலுவலக நண்பர் ஒருவர் தன் அப்பா அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தின் வடக்கே, இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பண்ணைகள் நிறைந்த பகுதி. வீட்டுக்குப் பின்னால் பழ மரங்கள். சாப்பிட்டுவிட்டு பிளம் பறிக்கப் போனோம். வெயிலுக்கு ஒதுங்கி நின்று, பேசிக்கொண்டே, மரத்தில் கையை ஊன்றப் போனேன்.

நண்பரின் அம்மா கத்தியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "கையை வைக்காதே! தத்துரானா!" என்று கத்திக்கொண்டே வந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எழுபது வயதுக்காரர். இழுத்த இழுப்பில் நான் இரண்டு அடி பின்னால் போய் விழப் பார்த்தேன். என்ன என்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மரம்தான் தெரிந்தது. பாசி படிந்த, பழுப்பும் பச்சையுமான பட்டை, தரையிலிருந்து என் மார்பு உயரம் வரை. அப்புறம் அந்தப் பட்டை மூச்சு விட்டது. அப்படித்தான் தோன்றியது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல், விரல் நீளப் புழுக்கள். ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்னக் கிறிஸ்துமஸ் மரம் நட்டது போலக் கிளை விட்ட முட்கள். நண்பரின் அப்பா தூரத்தில் நின்றே எண்ண முயன்று, முப்பதுக்கு மேல் என்று சொல்லி விட்டுவிட்டார். பகலில் இப்படி அடிமரத்தில் கூட்டமாக அசையாமல் கிடக்குமாம். இரவில் ஏறி இலை தின்னும்.

லோனோமியா ஒப்லிகுவா. என் ஆட்டோமெரிஸுக்குப் பங்காளி, அதே ஹெமிலூசினே. தத்துரானா என்பது துப்பி மொழிச் சொல், நெருப்பு மாதிரி என்று பொருள். நம் கம்பளிப்பூச்சி பட்டால் அரிக்கும், வேப்பிலை தடவுவோம், சரியாகிவிடும். இது பட்டால் முதலில் எரியும், தலை வலிக்கும், அவ்வளவுதான் என்று வேலையைப் பார்க்கப் போவார்கள். சில மணி நேரம் கழித்து உடம்பில் அங்கங்கே ரத்தம் கன்றும். ஈறில் கசியும். சிறுநீர் சிவக்கும். முட்களில் உள்ள நஞ்சு ரத்தத்தை உறைய வைக்கும் சத்தைத் தூண்டிவிட்டு, இருந்ததை எல்லாம் வீணாகச் செலவழித்துவிடும். பிறகு உறைய வேண்டிய இடத்தில் உறைய ஒன்றும் மிச்சம் இருக்காது. சிறுநீரகம் கெடும், மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்களும் உண்டு. 1989ஐ ஒட்டி இந்தப் பகுதியில் இப்படிப்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்கு வர ஆரம்பித்தபோது யாருக்கும் என்னவென்று புரியவில்லை. காட்டில் செட்ரோ மரத்தில் இருந்த புழு, காடு போனதும் தோட்டத்துப் பழ மரத்துக்கு வந்துவிட்டது என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுவது.

மருந்து இருக்கிறது. சாவோ பாவ்லோவில் உள்ள புட்டான்டன் நிறுவனம் 1990களில் கொண்டுவந்தது. அது எப்படி என்பதை நண்பரின் அப்பாதான் சொன்னார். புழுவைப் பிடித்து அனுப்பினால் அவர்கள் முள்ளை வெட்டிச் சாறு எடுத்து, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகும், அதுதான் மருந்து. "நாங்கள் புழு கொடுக்கிறோம், குதிரை ரத்தம் கொடுக்கிறது, டாக்டருக்குப் பெயர்" என்று சிரித்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் கொள்கை. 1960களில் வெனிசுவேலாவில் இதே மாதிரி ரத்தப்போக்கை உண்டாக்கிய புழுவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அதன் பெயர் லோனோமியா அகெலௌஸ். பூச்சியை மட்டும் பார்த்தால் இரண்டும் பழுப்பு இலை மாதிரிதான், குறுக்கே ஒரு கோடு. என்னிடம் காட்டியிருந்தால் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒப்லிகுவாவின் நஞ்சு முக்கியமாக உறைய வைக்கும் சத்தைத் தூண்டிச் செலவழிப்பது, அகெலௌஸின் நஞ்சு முக்கியமாக உறைந்ததைக் கரைப்பது. ஒரே பேரினம், ஒரே முள், வேலை வேறு. குதிரைக்குப் போட்டது ஒப்லிகுவாவின் சாறு. கொலம்பியாவிலும் பெருவிலும் பிரெஞ்சு கயானாவிலும் யாரையாவது ஒரு லோனோமியா தொட்டால், அது எந்த லோனோமியா? டிஎன்ஏ பார்க்க ஆரம்பித்த பின் அந்தப் பேரினத்தின் பட்டியலும் பல மடங்கு நீண்டிருக்கிறது. அப்படிப் பிரித்ததில் எந்தெந்தக் கிளைக்கு எந்த நஞ்சு என்று தெரிந்துகொள்வதை மயிரைப் பிளக்கிற வேலை என்று அந்த அம்மாவிடம் போய் என்னால் சொல்ல முடியுமா?

முழுசாக மனம் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு மலைச்சரிவில் பிடித்த நாலு பூச்சிக்கு, புழுவைப் பார்க்காமல், அது தின்னும் செடி தெரியாமல், 658 எழுத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதில் பாதி நிற்காது என்றும் தோன்றுகிறது. ஆனால் எந்தப் பாதி என்று அறுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பதைத்தானே அந்த முகம் தெரியாத மனிதர் முதல் நாளே சொன்னார்.

மறுநாள் காலையில் நண்பரின் அப்பா முழங்கை வரை தோல் உறை போட்டுக்கொண்டு, நீளமான இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து அகலமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டார். ஊறுகாய் பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை. பாட்டிலுக்குள்ளே ஒரு கொத்து பிளம் இலை. பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, துண்டுத் தாளில் எழுதினார்: பண்ணை இருக்கும் ஊர், கிராமத்துப் பாதையின் பெயர், பிளம் மரம், அடிமரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், தேதி, காலை ஏழு மணி. பசை தடவிப் பாட்டிலில் ஒட்டினார்.

"புழுவின் பெயரை எழுதவில்லையே?" என்றேன்.

"அதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டு மூடியை இன்னொரு முறை திருகிப் பார்த்தார்.

குரிச்சிபாவுக்குத் திரும்பிய அன்று என் பழைய படத்தைத் திறந்தேன். பெயருக்காக அவ்வளவு சண்டை போட்ட பதிவில், இடம் என்ற கட்டத்தில் 'பரானா, பிரேசில்' என்று மட்டும் இருந்தது. தமிழ்நாட்டைவிடப் பெரிய மாநிலம் அது. வரைபடத்தில் அது முழுவதையும் மூடும் ஒரு வட்டம். தேதி, நான் படத்தை ஏற்றிய தேதி, எடுத்த தேதி அல்ல. பழைய வங்கிக் கணக்கைத் திறந்து, பெட்ரோல் பங்க்கில் காப்பிக்கு அட்டை தேய்த்த நாளைக் கண்டுபிடித்தேன். நெடுஞ்சாலைப் படத்தில் அந்தக் கழிப்பறைச் சுவரைத் தேடி, புள்ளியை அதன் மேலேயே நகர்த்தி வைத்தேன். டியூப்லைட், இரவு ஒன்பதைத் தாண்டி, லேசான தூறல் என்று குறிப்பில் சேர்த்தேன். பெயர்க் கட்டத்தில் ஆட்டோமெரிஸ் என்றுதான் இருக்கிறது, இன்னும்.